‘அனான்’ என்றால் உடனேயா, அப்புறமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியர் படிக்கிற மாணவர்கள் பெரிய வசனங்களில் அதிகம் தடுக்கி விழுவதில்லை. அவற்றுக்கு உரை இருக்கிறது, குறிப்பு இருக்கிறது. ‘அனான்’ (anon) மாதிரி ஒரு சின்னப் பழஞ்சொல்லில்தான் நிற்கிறார்கள். அகராதி ‘விரைவில்’ என்கிறது. காட்சியோ வேறு எதையோ சொல்கிறது. ஆங்கில இலக்கியம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அங்கம், காட்சி எண்கள் பெரும்பாலான பதிப்புகளில் உள்ளபடி தரப்பட்டவை. உங்கள் பதிப்பில் ஒன்றிரண்டு மாறியிருக்கலாம்.

‘அனான்’னா என்ன அர்த்தம்? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் பாதிதான் கிடைக்கும். பழைய பொருள் ‘உடனே’. பிற்காலப் பொருள் ‘சற்று நேரத்தில்’. யாரோ கூப்பிட, அதற்குப் பதிலாக இந்தச் சொல் வந்தால் ‘இதோ வந்துட்டேன்’. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பழைய ஆங்கில நூல்களில் பெரும்பாலான இடங்கள் திறந்துகொள்ளும்.

எப்படி உச்சரிக்கணும்? ஆனன்? அனோன்?

அழுத்தம் இரண்டாம் அசையில். முதல் ‘அ’ லேசாகப் போய்விடும். ‘னான்’ என்பதுதான் காதில் விழ வேண்டும். ‘ஆனன்’ என்று முன்னால் அழுத்தினால் செய்யுளில் சீர் கெட்டுவிடும். சத்தமாக ஒரு வரி படித்துப் பாருங்கள், தானாகப் பிடிபடும்.

இது எங்கேயிருந்து வந்த சொல்? லத்தீனா?

இல்லை, நல்ல பழைய ஆங்கிலம். ‘ஆன்’ என்ற முன்னிடைச் சொல்லும் ‘ஒன்று’ என்று பொருள்படும் சொல்லும் சேர்ந்து, ‘ஒன்றில்’, ‘ஒன்றாக’ என்ற கருத்தில் பிறந்தது. இடையில் எதுவும் புகாமல், ஒரே போக்கில், நேராக என்பதே அடிப்படை. அதிலிருந்துதான் ‘உடனே’ என்ற பொருள் வந்தது. இன்றைய ஆங்கிலத்தில் உடனே என்பதற்கு வழங்கும் ‘அட் ஒன்ஸ்’ என்பதற்குள்ளும் அதே ‘ஒன்று’தான் உட்கார்ந்திருக்கிறது. நாம் ‘ஒரே மூச்சில்’, ‘ஒரேயடியாக’ என்று சொல்வதும் இந்த வழியில்தான்.

1400இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் சாசர் இந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துகிறார். ‘கேன்டர்பரி கதை’களில் பாத் ஊர்ப் பெண்மணி திருமணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போகும்போது, பாவமன்னிப்புச் சீட்டு விற்பவர் குறுக்கே துள்ளி எழுகிறார், ‘அதுவும் அனான்’ என்று கவிஞர் சேர்த்துச் சொல்கிறார். அங்கே ‘சற்று நேரம் கழித்து’ என்று படித்தால் நகைச்சுவை போய்விடும். பொறுக்க முடியாமல் அந்த நொடியே எழுந்தார் என்பதுதான் விஷயம்.

அப்போ ‘உடனே’ எப்ப ‘அப்புறம்’ ஆச்சு?

16ஆம் நூற்றாண்டில் புதிய பொருள் எழுத்தில் தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதிய 1590கள், 1600களில் இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. அதனால்தான் அவருடைய நாடகங்களில் இந்தச் சொல் இவ்வளவு சுவையாக இருக்கிறது. சொல்கிறவர் ஒரு பொருளில் சொல்லலாம், கேட்கிறவர் இன்னொரு பொருளில் எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றத்துக்குக் காரணம் மனித சுபாவம்தான். கூப்பிட்டவரிடம் ‘உடனே வருகிறேன்’ என்று சொல்கிறோம். கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறோம். தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்தால், கேட்கிறவர்கள் அந்தச் சொல்லை நம்பும் அளவைக் குறைத்துக்கொள்கிறார்கள். சொல்லும் மெல்ல மெல்ல பின்னால் நழுவிவிடுகிறது.

இந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் இப்படி ஆச்சா?

இல்லை, ஒரு வரிசையே இருக்கிறது. இன்று ‘விரைவில்’ என்று பொருள்படும் ‘சூன்’ பழைய ஆங்கிலத்தில் ‘உடனே’ என்றுதான் இருந்தது. ‘பிரசன்ட்லி’யும் அப்படியே. ‘டெம்பெஸ்ட்’ நாடகத்தின் நான்காம் அங்கத்தில் மந்திரவாதி பிராஸ்பெரோ ஒரு கட்டளை இடுகிறார், அவருக்கு ஏவல் செய்யும் ஆவியான ஏரியல் ‘பிரசன்ட்லியா?’ என்று கேட்கிறது. ‘ஆமாம், கண் சிமிட்டும் நேரத்தில்’ என்று பதில் வருகிறது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பிற்கால ஆங்கிலத்தில் அதுவும் ‘சற்று நேரத்தில்’ என்றாகிவிட்டது. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘தற்போது’ என்ற பொருளில் எழுதுகிறோம். அமெரிக்கர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும்கூட அப்படி எழுதுவதுண்டு, ஆகவே அதற்காக யாரும் கூச்சப்பட வேண்டாம்.

‘பை அண்ட் பை’ என்ற தொடரின் கதையும் இதே. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், மாற்கு 6:25இல், ஏரோதியாளின் மகள் யோவான்ஸ்நானனுடைய தலையை ‘பை அண்ட் பை’ கொடுக்க வேண்டும் என்று கேட்கிறாள். ‘அப்புறமா கொடுத்தால் போதும்’ என்று அவள் கேட்கவில்லை. தமிழ் வேதாகமம் ‘இப்பொழுதே’ என்று சரியாகச் சொல்கிறது.

பைபிள்ல ‘அனான்’ வருதா?

கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் இரண்டே இடங்கள். ஒன்று மத்தேயு 13:20, விதைக்கிறவன் உவமையின் விளக்கம்: கற்பாறை நிலத்தில் விழுந்த விதையைப் போன்றவன் வசனத்தைக் கேட்டு ‘அனான்’ சந்தோஷத்தோடு ஏற்றுக்கொள்கிறான். இன்னொன்று மாற்கு 1:30: சீமோனின் மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள், அவளைப் பற்றி ‘அனான்’ இயேசுவிடம் சொல்கிறார்கள். இரண்டு இடத்திலும் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்கு ‘உடனடியாக’ என்றே பொருள். தமிழ் வேதாகமத்திலும் இரண்டு இடத்திலும் ‘உடனே’.

ஆங்கில பைபிளில் சந்தேகம் வரும்போது வீட்டில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்து பார்க்கும்படி மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு. விதைக்கிறவன் உவமையில் ‘உடனே’ மிக முக்கியம். வேகமாக ஏற்றுக்கொண்டவன், துன்பம் வந்த வேகத்திலேயே விழுகிறான். அடுத்த வசனத்தில் அவன் இடறும் இடத்தில் கிங் ஜேம்ஸ் போடுவது மேலே சொன்ன ‘பை அண்ட் பை’. இரண்டையும் இன்றைய பொருளில் ‘பிறகு, பிறகு’ என்று படித்தால் உவமையே தலைகீழாகிவிடும்.

‘நான்காம் ஹென்றி’ல பிரான்சிஸ்னு ஒரு பையன் ‘அனான், அனான், சார்’னே சொல்லிட்டிருக்கானே, அந்தக் காட்சி எதுக்கு? சும்மா காமெடியா?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் நடப்பதைச் சொல்கிறேன். ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகம், இரண்டாம் அங்கம், நான்காம் காட்சி. லண்டன் ஈஸ்ட்சீப்பில் ஒரு மதுக்கடை. பட்டத்து இளவரசன் ஹால், கடையில் மது ஊற்றிக்கொடுக்கும் பையன்களோடு பழகிவிட்டு வருகிறான். அவர்களில் பிரான்சிஸ் என்பவன் ஒரு பென்னி சர்க்கரையை அன்போடு இளவரசன் கையில் வைத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலமே ‘எட்டு ஷில்லிங் ஆறு பென்ஸ்’, ‘நல்வரவு’, ‘அனான், அனான், சார்’ இவ்வளவுதான் என்று ஹால் நண்பன் பாயின்ஸிடம் சொல்கிறான். பிறகு ஒரு விளையாட்டு ஏற்பாடு செய்கிறான்: நீ பக்கத்து அறையிலிருந்து ‘பிரான்சிஸ், பிரான்சிஸ்’ என்று விடாமல் கூப்பிடு, நான் இங்கே அவனோடு பேசுகிறேன், அவன் வாயில் ‘அனான்’ தவிர வேறு எதுவும் வரக்கூடாது.

அப்படியே நடக்கிறது. எத்தனை வருஷம் வேலை பாக்கி என்று ஹால் கேட்கிறான். ஐந்து வருஷம் என்று பதில் சொல்ல வாயெடுக்கும்போதே உள்ளிருந்து குரல். ‘அனான், அனான், சார்!’ ஒப்பந்தத்தை உதறிவிட்டு ஓடிவிடும் துணிச்சல் உண்டா என்று கேட்கிறான். மறுபடி குரல். அந்தச் சர்க்கரைக்கு ஆயிரம் பவுண்டு தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் கேள் என்கிறான் இளவரசன். அந்த நேரம் பார்த்து உள்ளே பாயின்ஸ் கூப்பிட, பையன் அந்தப் பக்கம் பார்த்து ‘அனான், அனான்’ என்கிறான். ஹால் அதைத் தனக்குச் சொன்ன பதிலாகப் பிடித்துக்கொள்கிறான்: ‘உடனேயா பிரான்சிஸ்? இல்லை, நாளைக்கு, இல்லாவிட்டால் வியாழக்கிழமை, அல்லது உனக்கு எப்போது வேண்டுமோ அப்போது.’ ஒரே சொல், இரண்டு பேருக்கு இரண்டு பொருள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பையன் திகைத்து நிற்கிறான். அப்போது கடைக்காரர் வந்து, ‘இத்தனை கூப்பாடு கேட்டும் நிற்கிறாயே’ என்று திட்டுகிறார்.

நம் ஊர் டீக்கடையில் நான்கு மேசையிலிருந்தும் ஒரே நேரத்தில் கூப்பிட, ‘இதோ வந்துட்டேண்ணே’ என்று எல்லாருக்கும் சொல்லி எங்கேயும் போக முடியாமல் நிற்கும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பிரான்சிஸ் அவன்தான். சிரிப்பு வரும், கூடவே கொஞ்சம் வலிக்கவும் செய்யும்.

ஆனா இளவரசன் பண்றது கொடுமை இல்லையா? அவனை நமக்குப் பிடிக்கணும்னுதானே நாடகம் எழுதியிருக்கு?

கொடுமைதான். அதை மழுப்பக் கூடாது. அன்பாகச் சர்க்கரை கொடுத்தவனை வைத்துத்தான் இந்த விளையாட்டு. போதாக்குறைக்கு, ஒரு பெண் வயிற்றில் பிறந்தவனுக்குக் கிளிக்கு இருக்கிற அளவு சொல்கூட இல்லையே என்றும் ஹால் சொல்கிறான்.

ஆனால் காட்சியை முழுதும் படியுங்கள். கொஞ்ச நேரத்தில் அரண்மனையிலிருந்து ஒரு பிரபு வந்து வாசலில் நிற்கிறார், ராஜா அனுப்பியிருக்கிறார். ஹால் போய்ப் பார்க்கிறானா? ஏதாவது கொடுத்துத் திருப்பி அனுப்பு என்கிறான். ஒரு பக்கம் தகப்பன் கூப்பிடுகிறார், இன்னொரு பக்கம் குடித்தோழன் ஃபால்ஸ்டாஃபும் மதுக்கடையும். நடுவில் நிற்பவன் இளவரசன். முதல் அங்கத்திலேயே அவன் தனியாகப் பேசும்போது, இந்த வேடிக்கையை இப்போதைக்கு நடக்க விடுகிறேன், பிறகு ஒருநாள் மாறிக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதாவது அரசுப் பொறுப்புக்கு அவன் சொல்லிவைத்த பதிலும் ஒரு ‘அனான்’தான். பிரான்சிஸைப் பார்த்துச் சிரிக்கும்போது தன்னையே பார்த்துச் சிரிக்கிறான் என்று அவனுக்குத் தெரிகிறதா என்பதை நாடகம் சொல்லாமல் விட்டுவிடுகிறது. தெரியவில்லை என்றே நான் படிக்கிறேன். தெரிந்திருந்தால் அந்தக் கிளிப் பேச்சு வந்திருக்காது.

இரண்டாம் பாகத்திலயும் இந்த வசனம் வருதுன்னு சொல்றாங்களே?

வருகிறது, மறக்க முடியாத இடத்தில் வருகிறது. இரண்டாம் பாகத்தின் இரண்டாம் அங்கம், நான்காம் காட்சி. ஃபால்ஸ்டாஃபை வேவு பார்க்க ஹாலும் பாயின்ஸும் மது ஊற்றும் பையன்களைப் போல வேடம் போட்டு நிற்கிறார்கள். ‘கொஞ்சம் மது கொண்டுவா, பிரான்சிஸ்!’ என்று ஃபால்ஸ்டாஃப் கத்துகிறான். வேடத்தில் இருக்கும் இருவரும் ஒரே குரலில் ‘அனான், அனான், சார்’ என்று முன்னால் வருகிறார்கள். முதல் பாகத்தில் கேலி செய்த அதே சொல்லை இளவரசனே தன் வாயால் சொல்லிப் பணிந்து வருகிறான். முதல் பாகம் பார்த்த ரசிகர்களுக்கு அந்த இடம் எப்படி இருந்திருக்கும்! மேலே சொன்ன காட்சியைப் படிக்காமல் இதை மட்டும் படிப்பவர்களுக்கு அது வெறும் வரவேற்புச் சொல்லாகப் போய்விடும்.

ஜூலியட் பால்கனிக் காட்சியில ‘அனான்’ யார்கிட்ட சொல்றா? ரோமியோகிட்டயா?

தாதியிடம். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. உள்ளிருந்து தாதி கூப்பிடுகிறாள். ‘அனான், நல்ல தாதியே!’ என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, அதே வரியில் ரோமியோவின் பக்கம் திரும்பி ‘இனிய மாண்டேகு, உண்மையாக இரு’ என்கிறாள். நடிக்கும்போது முகம் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம்; படிக்கும்போது நாம்தான் திருப்பிக்கொள்ள வேண்டும். அச்சில் ஒரே வரியில் இருப்பதால் இரண்டும் காதலனுக்கே என்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்த முதல் முறை அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். உள்ளே போய்விட்டுத் திரும்பி வருகிறாள். இரண்டாம் முறை ‘வருகிறேன், அனான்’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்கிறாள். தாதி மறுபடி கூப்பிட, இப்போது ‘பை அண்ட் பை, வருகிறேன்’ என்று வேறு தொடர் வருகிறது. அகராதிப்படி எல்லாமே ‘உடனே’. ஆனால் பெண் நகரவில்லை. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வாக்கியமாக நேரத்தைத் திருடுகிறாள். ‘உடனே’ எப்படி ‘அப்புறம்’ ஆனது என்று மேலே ஒருவர் கேட்டாரே, அந்த மாற்றம் சில வரிகளுக்குள் நம் கண்முன் நடக்கிறது.

மக்பெத்ல வாயில்காப்போன் சொல்றதும் இதே மாதிரிதானா?

சொல் அதே, சூழல் பயங்கரம். இரண்டாம் அங்கம், மூன்றாம் காட்சி. டங்கன் அரசனை மக்பெத் கொன்று சில நிமிடங்களே ஆகின்றன. கோட்டைக் கதவை யாரோ இடிக்கிறார்கள். குடிமயக்கத்தில் இருக்கும் வாயில்காப்போன் தான் நரகத்தின் வாசலில் வேலை பார்ப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு பாவியை உள்ளே வரவேற்கிறான். கடைசியில்தான் ‘அனான், அனான்!’ என்று சொல்லிக் கதவைத் திறக்கிறான். கூடவே, வாயில்காப்போனை மறந்துவிடாதீர்கள் என்று காசும் கேட்கிறான்.

அவன் தாமதம் கதைக்கு வேண்டும். அந்த இடைவெளியில்தான் மக்பெத்தும் மனைவியும் கையில் உள்ள ரத்தத்தைக் கழுவி, தூங்கி எழுந்தவர்களைப் போல ஆகிறார்கள். கதவுக்கு வெளியே நிற்கிறவருக்கு அந்தச் சொல் ஒரு சோம்பேறியின் சமாதானம். உள்ளே நடந்தது தெரிந்த நமக்கு, இனி எதையும் ஒளிக்க நேரமில்லை என்ற அறிவிப்பு.

முதல் காட்சியில சூனியக்காரிகளும் ‘அனான்’ சொல்றாங்க. என் புத்தகத்துல ‘பேடக் கூப்பிடுகிறது அனான்’னு ஒரே வாக்கியமா இருக்கு, நண்பன் புத்தகத்துல தனியா இருக்கு. எது சரி?

இரண்டுக்கும் அடிப்படை இருக்கிறது. 1623இல் அச்சான முதல் ஃபோலியோவில் (ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு) ‘பேடக் கூப்பிடுகிறது அனான்’ என்று தொடர்ந்து வந்து, முழுவதும் மூவரும் சேர்ந்து சொல்வதாக இருக்கிறது. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் அதைப் பிரித்தார்கள்: ‘பேடக் கூப்பிடுகிறது’ என்று ஒருத்தி, ‘அனான்!’ என்று இன்னொருத்தி.

பிரித்த பாடமே எனக்குச் சரியாகப் படுகிறது. அதற்கு முந்தைய வரியில் முதல் சூனியக்காரி தன் பூனைக்கு ‘வருகிறேன், கிரேமால்கின்’ என்று பதில் சொல்கிறாள். பேடக் ஒரு தேரை. அது கூப்பிட்டதும் அதற்கும் ஒரு பதில் வருவது இயல்பு. பிரான்சிஸும் ஜூலியட்டும் சொன்ன அதே பதில்தான். கூப்பிட்டால் ஓடும் வேலைக்காரர்களைப் போல, பூனையும் தேரையுமாக வரும் தங்கள் பிசாசுகளுக்கு இவர்கள் பதில் சொல்கிறார்கள் என்பது, யார் யாருக்கு எஜமான் என்ற கேள்வியை முதல் நிமிடத்திலேயே எழுப்பிவிடுகிறது. தேர்வில் எழுதும்போது உங்கள் பதிப்பில் உள்ளதை மேற்கோள் காட்டி, மற்ற பாடமும் உண்டு என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

யாரும் கூப்பிடாத இடத்துல வந்தா எப்படிப் புரிஞ்சுக்கறது? ஹாம்லெட்ல அப்படி வருதே.

அப்போது கதை சொல்கிறவரின் குரலில் வருகிறது என்று கொள்ளுங்கள். ஹாம்லெட் இரண்டாம் அங்கத்தில் நடிகன் ட்ராய் நகரத்து வீழ்ச்சியைச் சொல்கிறான்: கிரேக்க வீரன் பிர்ரஸ், ட்ராய் அரசரான கிழவர் பிரையத்தைத் தேடுகிறான், ‘அனான்’ அவரைக் கண்டுபிடிக்கிறான். தேடலுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடையில் அதிக நேரம் இல்லை; ‘சற்றைக்கெல்லாம்’ என்று கொள்ளலாம்.

மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியில் வருவது இன்னும் கூர்மை. அண்ணனைக் கொன்று அவர் மனைவியை மணந்த ராஜாவின் முன் நாடகத்துக்குள் நாடகம் நடக்கிறது. தோட்டத்தில் கொன்சாகோவை விஷம் வைத்துக் கொல்லும் இடம் வந்துவிட்டது. ‘கொன்சாகோவின் மனைவியின் காதலைக் கொலைகாரன் எப்படிப் பெறுகிறான் என்பதை அனான் பார்ப்பீர்கள்’ என்கிறான் ஹாம்லெட். அடுத்த வசனம் ஒபீலியா சொல்வது: ‘ராஜா எழுந்திருக்கிறார்.’ விளக்கு கேட்டு ராஜா வெளியேறுகிறார், நாடகம் நின்றுபோகிறது. பார்ப்பீர்கள் என்று சொன்ன காட்சி வரவே இல்லை. ராஜா எழுந்ததற்கு மேடையில் நடந்த விஷம் மட்டும் காரணமா, இனி வரப்போவதாகச் சொன்ன ‘அனான்’ காரணமா என்று மாணவர்களை நான் விவாதிக்கச் சொல்வேன். எனக்கு இரண்டாவதே பலமான காரணமாகத் தோன்றுகிறது: கொலையை ஒருவன் உட்கார்ந்து பார்த்துவிடலாம், அண்ணன் மனைவி பக்கத்தில் இருக்கும்போது அடுத்த காட்சியைப் பார்க்க முடியாது.

‘எவர் அண்ட் அனான்’னா என்ன? எப்பவும், உடனேயுமா?

சேர்ந்து வந்தால் தனிப்பொருள்: ‘அவ்வப்போது’, ‘விட்டுவிட்டு’. ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகம், முதல் அங்கத்தில், போர்க்களத்துக்கு வந்த ஒரு பகட்டுப் பிரபுவைப் போர்வீரன் ஹாட்ஸ்பர் வர்ணிக்கிறான்: விரலிடுக்கில் வாசனைப் பெட்டி, ‘எவர் அண்ட் அனான்’ அதை மூக்கருகே கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருக்கிறார். சுற்றிலும் பிணங்கள்.

இதற்கு உறவான இன்னொரு அமைப்பு ‘இப்போது இப்படி, அனான் அப்படி’. ஷேக்ஸ்பியரின் 75ஆவது சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை) காதலன் இந்த நொடி செல்வம் கிடைத்த கர்வத்தில் இருக்கிறான், அனான் அதைக் காலம் திருடிக்கொள்ளுமோ என்று அஞ்சுகிறான். 33ஆவது சானெட்டில் காலைச் சூரியன் நீரோடைகளைப் பொன்னாக்கிவிட்டு, அனான் கேவலமான மேகங்களைத் தன் முகத்தில் ஏற விடுகிறது. இந்த இடங்களில் கடிகார நேரம் முக்கியமில்லை. நிலை மாறும் வேகமே முக்கியம்.

ஷேக்ஸ்பியருக்கு அப்புறம் யாரும் இதைப் பயன்படுத்தலையா?

நிறையப் பேர். 1667இல் வந்த மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ முதல் காண்டத்தில், வீழ்ந்த தேவதூதர்கள் மலையைத் தோண்டிப் பொன்னை உருக்கி வார்க்கிறார்கள். ‘அனான்’ மண்ணுக்குள்ளிருந்து மாபெரும் மாளிகை ஆவியைப் போல எழும்புகிறது. மனிதர்கள் தலைமுறைகள் உழைத்துக் கட்டுவதை இவர்கள் ஒரு மணி நேரத்தில் கட்டுகிறார்கள் என்பது கருத்து. ஆகவே இங்கே பழைய ‘உடனே’ பொருளைத்தான் பிடிக்க வேண்டும்.

கீட்ஸ் 1819இல் எழுதிய ‘புனித ஆக்னஸ் இரவு’ கவிதையில், மறைந்திருக்கும் காதலனின் இதயம் ‘அனான்’ உயிர்க்கிறது; மாலை ஜெபத்தை முடித்துவிட்டு, கவிதையின் நாயகி மாடலின், தன் கூந்தலிலிருந்து முத்துக்களைக் கழற்றுகிறாள். கீட்ஸ் காலத்திலேயே அது பழஞ்சொல். கதை நடக்கும் இடைக்காலத்தின் மணத்தை வரிக்குக் கொண்டுவர, தெரிந்தே எடுத்துப் போடுகிறார்.

கவிதைக்குக் கீழ ‘அனான்’னு போட்டிருக்கே, அது யாரு? அதுவும் இந்தச் சொல்தானா?

இல்லை. அது ‘அனானிமஸ்’, அதாவது பெயர் தெரியாதவர், என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் ‘பெயர் இல்லாத’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பின்னால் ஒரு புள்ளி இருக்கும். தமிழ் இணையத்தில் பெயர் சொல்லாமல் எழுதுகிறவர்களை ‘அனானி’ என்று அழைத்தோமே, அது இந்தக் குடும்பம். எழுத்தும் ஒலியும் ஒத்துப்போனது தற்செயல்தான்.

தமிழ்ல மொழிபெயர்த்தா என்ன போடலாம்?

இடத்தைப் பார்த்துத்தான். பிரான்சிஸுக்கு ‘இதோ, இதோ வந்துட்டேன் சார்’. சொன்னவன் வருவானா என்பது நிச்சயமில்லாத அந்தத் தொனி ‘இதோ’வில் இருக்கிறது, ‘உடனே’ அங்கே விறைப்பாக நிற்கும். ஜூலியட்டுக்கும் ‘இதோ வரேன்’ பொருந்தும். பைபிளுக்கு ‘உடனே’. பிர்ரஸுக்கு ‘சற்றைக்கெல்லாம்’. ‘எவர் அண்ட் அனான்’ என்பதற்கு ‘அடிக்கொரு தரம்’ நன்றாக அமையும்.

ஹால் ‘உடனேயா பிரான்சிஸ்? இல்லை, நாளைக்கு’ என்று திருப்பும் இடம் மட்டும் கடினம். அங்கே ‘இதோ’ என்று போட்டுவிட்டு, ஹாலின் வாயில் ‘இதோவா? இப்பவே வேணுமா?’ என்று நீட்டினால் சிலேடை ஓரளவு தப்பிக்கும்.

பரீட்சையில ‘அனான்: விரைவில்’னு எழுதினா மார்க் போகுமா?

மார்க் போகாமல் இருக்கலாம், வாசிப்பு போய்விடும். மூன்றைப் பாருங்கள். யாராவது கூப்பிட்டார்களா? சொன்னவர் சொன்னதும் நகர்ந்தாரா? மேடையில் இன்னொருவர் அதே சொல்லை வேறு பொருளில் எடுத்துக்கொண்டாரா? இவற்றுக்குப் பதில் எழுதினால் இரண்டு வரியில் நல்ல விளக்கக் குறிப்பு வந்துவிடும். உதாரணமாக: ‘தாதிக்குச் சொல்லும் பதில், “இதோ வருகிறேன்” என்று பொருள், ஆனால் ஜூலியட் நகராததால் காலம் தாழ்த்தும் உத்தியாகவும் அமைகிறது.’

இப்ப நான் எழுதற ஆங்கிலத்துல பயன்படுத்தலாமா?

அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். ‘பணம் அனான் அனுப்பப்படும்’ என்று எழுதினால், எப்போது என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும், தேதியைப் போட்டுவிடுங்கள். நண்பர்களுக்குள் ‘மோர் அனான்’, அதாவது ‘மிச்சம் அப்புறம்’ என்று முடிப்பது இன்றும் வழக்கில் இருக்கிறது. கட்டுரையில் ‘இதைப் பற்றி மேலும் அனான்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அப்படி எழுதினால் அந்த ‘மேலும்’ நிஜமாகவே பின்னால் வர வேண்டும். வாசகர் அதற்காகக் காத்திருப்பார்.